ஒரு ஜிபி காலி டிஸ்க்

குலசேகரம், ரப்பர் பால் சங்கத்தின் மாடியறை.
இரவு பதினொன்றே கால்.
பழைய ஹோஸ்டிலிருந்து புதியதற்கு
சர்வரை மாற்றி முடித்தேன்.
நூற்றிருபது ஜிபி, ஒரு பைட் குறையாமல் வந்திருந்தது.
ஸ்டார்ட் கொடுத்தேன்.
கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு வரி:
பூட் செய்ய எதுவும் இல்லை.

இல்லையென்று சொல்ல எப்படி மனசு வந்தது?
எட்டு வருஷக் கணக்கு உள்ளே கிடக்கிறது.
பொன்மனையில் யார் எத்தனை கிலோ ஊற்றினார்கள்,
யார் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு நீர்,
மகள் கல்யாணத்துக்கு யார் வாங்கிய முன்பணம்
இன்னும் தவணையில் கழிகிறது.

"எஞ்சினியரே, தீந்துதா?"
கீழேயிருந்து வாச்மேன் ஞானசிகாமணி.
"இப்ப தீரும்."
ஒரு கட்டஞ்சாயா மேலே வந்தது.

முதல் தப்பு என்னுடையது.
அது பழைய பயாஸில் எழும்பிப் பழகிய மெஷின்.
நான் யூஇஎஃப்ஐ என்று டிக் போட்டிருந்தேன்.
மாற்றியதும் லோகோ வந்தது, புள்ளிகள் சுற்றின,
பாதிச் சாயாவைத் தெம்பாகக் குடித்தேன்.
பிறகு நீலம்.
முட்டத்துக் கடல் நீலமல்ல.
சொட்டு நீலம் கூடிப்போன வேட்டியின் நீலம்.
அதில் ஒரு சோக முகம். அதன் கீழே:
பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை.

முதலில் இல்லை என்றது.
இப்போது அணுக முடியவில்லை என்கிறது.
இரண்டும் ஒன்றல்ல.
ஆனால் அன்றிரவு எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது.
போனில் ஷிபின், "காப்பியில கேடு இருக்கும் லே,
திரும்பப் போடு" என்றான்.
திரும்பப் போட்டேன். இரண்டு மணி நேரம்.
அதே நீலம், அதே முகம்.

மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்தேன்.
எதிர்ச்சரிவில் தலைவிளக்குகள்.
பால்வெட்டுக்காரர்கள்.
ஒரு மரத்தில் வெளிச்சம் கொஞ்சம் நிற்கும்,
பட்டையில் ஓர் இழை போகும்,
வெளிச்சம் அடுத்த மரத்துக்கு நகரும்.
ஏழு மணிக்குக் கேன்கள் வந்துவிடும்.
சர்வர் எழும்பட்டும் என்று பால் காத்திருக்காது,
உறைந்துவிடும்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.
டிஸ்க்கில் கேடில்லை.
டிஸ்க் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் புதுசு.
அதோடு பேசுகிற டிரைவர்
இந்த விண்டோஸிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

டிஸ்க்கைக் கழற்றி ஐடிஇயில் மாட்டினேன்.
மெதுவானது, காலம் போனது,
ஆனால் அதைத் தெரியாத விண்டோஸ் இல்லை.
முக்கி முனகி எழும்பியது.
டிரைவரை நிறுவினேன். அது மட்டும் போதாது.
அந்தக் கன்ட்ரோலரில் ஏதாவது ஒன்று தொங்குவதை
ஒருமுறையாவது அது கண்ணால் காண வேண்டும்.
அதற்காக ஒரு ஜிபியில் ஒரு காலி டிஸ்க்
உண்டாக்கி, விர்ட்ஐஓவில் தொங்கவிட்டேன்.
உள்ளே ஒரு எழுத்து கிடையாது.
பார்த்துக்கொண்டது.
நிறுத்தினேன். பெரிய டிஸ்க்கையும் அங்கே மாற்றி
பூட் வரிசையில் முதலாவதாக வைத்தேன்.

நாலு நாற்பது. லாகின் திரை.
கத்த நினைத்தேன்.
ஞானசிகாமணி கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ந்ததா? எடைமேடைக் கம்ப்யூட்டர்
சர்வரைக் கண்டுகொள்ளவேயில்லை.
போன மெஷினின் நெட்வொர்க் கார்டு
போன பிறகும் ஐபியை விடாமல் பிடித்திருந்தது.
மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி,
தேடி, அழித்தேன். அதற்கு ஒரு முக்கால் மணி.
அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஏழு ஐந்துக்கு ஸ்கூட்டரில் முதல் கேன்.
அமோனியா நெடி மாடிக்கு ஏறியது.
அஜிதாபாய் தட்டினாள்:
செல்லநேசம், களியல், பதினாலு கிலோ இருநூறு.
ஏறியது.
கீபோர்டிலிருந்து தலை தூக்காமல்
"நேத்தும் இதே ஸ்பீடுதான" என்றாள்.

அடுத்த வாரம் ஷிபின் பட்டியல் பார்த்தான்.
"லே, ஒரு ஜிபியில ஒண்ணு கெடக்கே.
அதுக்குள்ள என்ன?"
"ஒண்ணுமில்ல."
"அப்ப எடுத்துக் களை."

களையலாம்.
ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன்.
அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது.