மும்முனை மின்சாரம்

ராத்திரி இரண்டரைக்கு
குண்டடத்துத் தோட்டத்து மோட்டாரைக் கூப்பிடுகிறேன்,
திருப்பூரில், செக்கிங் மேசையில் குவிந்த
குழந்தை பனியன்களுக்கு நடுவே நின்றுகொண்டு.
இரண்டாவது மணியில் எடுத்துவிடுகிறது.
எங்கள் வீட்டில் என் போனை
இவ்வளவு சீக்கிரம் எடுப்பது அது ஒன்றுதான்.

"வணக்கம். மும்முனை மின்சாரம் உள்ளது.
மோட்டார் நின்றிருக்கிறது.
இயக்க, ஒன்றை அழுத்தவும்."
எந்த ஊர்ப் பெண்ணின் குரலோ.
ஒரு மொளகாய்ச் செடியை மிதித்திருக்க மாட்டாள்.
ஒரு தரம்கூட அலுத்துக்கொண்டதில்லை.
அழுத்துகிறேன்.
ஐம்பது கிலோமீட்டருக்கு அக்கட்டால
ஏழரைக் குதிரை தண்ணிக்குள் எழுந்து நிற்கிறது.

ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு, இரட்டைப்படை எனக்கு;
தாராபுரம் கோர்ட்டு வாசலில் வக்கீல்கள் பேசி முடித்தது.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்தால்
இரண்டு நாளும் அவனுக்கே போகும்.
பீஸ் வாங்கிய யாருக்கும் அது தோன்றவில்லை.

பங்கு கேட்டு நோட்டீஸ் விட்ட அன்று
"நல்லசிவம் உங்களை நீக்கிவிட்டார்"
என்று ஒற்றை வரி வந்தது.
அதோடு போயிற்று
சித்தப்பன் மகளின் வளைகாப்புப் படம்,
நோம்பிக்கு யார் யார் வருகிறார்கள் என்ற கணக்கு,
அத்தை தினமும் காலை ஆறு மணிக்கு அனுப்பும் ரோஜாப்பூ.
அந்த ரோஜாவை
ஒரு நாளும் நான் திறந்து பார்த்ததில்லை.
பெரியப்பா செத்தது
பக்கத்து மேசை துளசிமணியின் ஸ்டேட்டஸில் தெரிந்தது.
அவர் படத்துக்கு ஏதோ சினிமாப் பாட்டு வைத்திருந்தாள்.

போன மாசம் பதினாலாம் தேதி கூப்பிட்டால்
"மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றது குரல்.
என் முறையில்!
பதிவு செய்து வக்கீலுக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி
ஸ்டார்ட்டர் மாட்டிய கடைக்கே போனேன்:
என் தேதியில் அவன் நம்பர் வேலை செய்யக்கூடாது.
கடைப்பையன் டீ கிளாசைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தான்.
"அது முடியாதுங்க்கா.
மொத நம்பர்தான் மொதலாளி. அது உங்க அண்ணன்து.
அவரு ஒரு மெசேஜ் போட்டா
உங்க நம்பர்தான் போயிருமுங்."
எப்போதிலிருந்து?
"மாட்டுன நாள்ல இருந்துங்."

இரண்டு வருஷம்.
மறந்திருப்பான் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டேன்.
தெரிந்திருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன்,
கொடுவாய் தாண்டும்வரை.
குழுவிலிருந்து நீக்கத் தெரிந்தவனுக்கு
இது தெரியாதா?
அப்புறம் ஏன் பதினாலாம் தேதி ஓட்டினான்,
அதுவும் தெரியவில்லை.

இன்றைக்கு இரட்டைப்படை.
"மோட்டார் நின்றிருக்கிறது.
கடைசியாக நிறுத்தியது, எண் ஒன்று.
நேரம், இரவு பதினொன்று ஐம்பத்தெட்டு."
முழித்திருந்திருக்கிறான்.
"இயக்க, ஒன்றை அழுத்தவும்."
சூப்பர்வைசர் பீஸ் கணக்குக் கேட்டுக் கத்துகிறான்.
விரல் பட்டன்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை.
அவள் மறுபடியும்
வணக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறாள்.