மணியின் நாக்கு

எமில்டா,
நீ போய் ஐம்பத்திரண்டாம் நாள்
பெரிய சனி வந்தது.

குருநகர் முழுக்கக் கேக் வேகும் வாசம்.
எங்கள் அடுப்பில் நேற்றைய சோறு.
நான் கோவிலுக்குப் போவதாயில்லை.
வியாழன் தொட்டு மணி அடிக்காமல்
கட்டை தட்டிச் செபித்த கோவில்தான்
எனக்குச் சரியாக இருந்தது.
அதற்கு என் பாஷை தெரியும்.

ஆனால் றெமிக்கு இந்த வருஷம் மணி.
அவனுடைய வெள்ளை அங்கிக்கு
நீ பாதியில் விட்ட விளிம்பு மடிப்பை
நண்டுக் கொம்பனி ஸ்டேப்ளரால்
நான் அடித்து முடித்தேன்.
"அம்மா பாத்தா ஏசுவா" என்றான்.
ஏசட்டும் என்றேன்.
பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

தெல்லிப்பழையில் உனக்குக் கடைசி மருந்து ஏற்றிய நாள் தொட்டு
கடவுளோடும் எனக்குக் கதையில்லை.
நண்டுகளோடு கதைத்தேன்.
பெட்டிக்குள் காலாட்டும் நீலக்கால் நண்டுகள்.
முந்நூறு கிராம், நானூறு கிராம்,
இது பெட்டை, இதுக்கு ஒரு கால் இல்லை.
அவை பதில் சொல்லாததில்
எனக்குக் கோபம் வரவில்லை.

வாசலில் நெருப்பு மூட்டினார்கள்.
உள்ளே கும்மிருட்டு.
என் திரியைச் சரிக்க மறந்து நின்றேன்.
சவிரியண்ணை என் மணிக்கட்டைப் பிடித்து
அவரே சரித்தார்.
கரண்ட் இல்லாத வருஷங்களில்
ஜாம்போத்தல் விளக்கை
வேலிக்கு மேலால் நீட்டி
ஒரு வீட்டு நெருப்பை மறு வீடு வாங்கியது போல.
அப்போதும் யாரும் கேட்கவில்லை,
உனக்கு விசுவாசம் இருக்கோ எண்டு.
திரி இருந்தால் போதும்.

வானவர் கீதம் தொடங்க
லைற் எல்லாம் ஒன்றாய் எரிந்தது.
றெமி மணியை எடுத்தான்.

அடித்தான்.
முதல் அடி முடிந்து பாட்டு இரண்டாம் அடிக்குப் போனது,
அவன் நிறுத்தவில்லை.
டாமியன் சுவாமி ஒருதரம் பார்த்தார்.
பிறகு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
சேமக்காலை வரைக்கும் கேட்கவேணும் எண்டு
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மணியின் நாக்கு கழன்றது.

நிலத்தில் மூன்றுதரம் துள்ளி
பெண்கள் பக்கம் உருண்டு
திரேசக்காவின் சேலைக்குள் புகுந்தது.
"ஆண்டவரே, எலி!"

பாட்டு நடுவில் அறுந்தது.
ஓர்கன்காரப் பெடியன் குனிந்துவிட்டான்.
சுவாமியின் தோள் குலுங்கியது.
மேலே என் பிள்ளை,
ஸ்டேப்ளர் கம்பிகள் காலடியில் மினுங்க,
நாக்கில்லாத மணியை
இன்னும் ஆட்டிக்கொண்டு.

என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.
இருமல் என்று நினைத்தேன்.
சிரிப்பு, எமில்டா.
கண்ணீரும் அதே வழியால்தான் வந்தது,
ஒழுங்கைக்குள் எதிரெதிரே வந்த இரண்டு சைக்கிள்
ஒன்றுக்கொன்று இடம் விட்ட மாதிரி.
நீ இருந்திருந்தால்
எனக்கு முந்திச் சிரித்திருப்பாய்,
பிறகு என் தொடையில் கிள்ளி
"சத்தம் போடாதையுங்கோ" என்றிருப்பாய்.

பூசை முடிந்து
உயிர்த்தவர் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன்.
இந்த வருஷம் புதுப் பூச்சு.
கன்னத்துக்கு நிறம், அங்கிக்குத் தங்கம்.
கையில் துளையை மட்டும்
யாரும் பூசி மூடவில்லை.
கல்லறையைப் பிரட்டினவருக்கு
அந்த ஓட்டையை அடைக்கத் தெரியாதோ?
வேண்டாமென்று விட்டிருக்கிறார்.
அப்படியென்றால் என்னுடையதும்
கிடக்கட்டும்.
கிடந்தபடியே எழும்பலாம் போலிருந்தது.

"ஆண்டவரே" என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.
அவரும் அவசரப்படுத்தவில்லை.

விடிய சேமக்காலைக்கு வந்தோம்.
நாக்கை நான்
நண்டு வலை நைலோனால் கட்டியிருந்தேன்.
உன் மண் இன்னும் சரியாய் இறுகவில்லை.
றெமி மணியை ஒளித்துப் பிடித்தபடி
முதலில் வழக்கைச் சொன்னான்:
"அம்மா, நான் உடைக்கேல்லை.
அது தானாக் கழண்டது."

பிறகு அடித்தான்.
முடிச்சு இடறி
கொஞ்சம் கொன்னை தட்டியது.
மதிலில் இருந்த காகம் ஒன்று
தலையைச் சரித்துக் கேட்டது.