பொய்த்தரை

ஓய்வுபெற்ற அன்று கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
எனக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.
மாலைக்குள் திறந்து பார்த்துவிட்டேன்.
மூடும்போது ஒரு திருகு மிஞ்சியது.
இன்னும் ஓடுகிறது.

நாற்பத்தோரு வருடம் மீன்பிடிப் படகுகளின்
ஆழமானிகளைப் பழுது பார்த்தேன்.
உப்பு கடித்த பெட்டிகள்.
ஊசி காகிதத்தைச் சுட்டுச் சுட்டு
கடலின் அடியை வரையும்.
அந்தக் கரிவாடை
மனைவி மாற்றிய மூன்று சோபாக்களிலும் இருந்தது.

படிப்பு கம்மி.
ஓம் விதி, மின்தடையின் வண்ணப் பட்டைகள்,
ஈயம் உருகிப் பளபளக்கும் அந்த அரை நொடி,
இவ்வளவுதான் என் சொத்து.
அதற்குமேல் சூத்திரம் வந்தால்
பக்கத்தைத் தாண்டிவிடுவேன்.

தாண்டிய பக்கங்களுக்கு
இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறேன்.
எழுபத்து மூன்று வயதில்
ஒரு சைன் அலை புரிந்துவிட்டால்
அடுப்பில் ருபார்ப் ஜாம் தீய்வது
மூக்குக்குத் தெரிவதில்லை.

பிப்ரவரியில் மூன்று நாள் காற்று.
எந்தப் படகும் அசையவில்லை.
கட்டைவிரல் அளவில் ஓர் ஒலி உணரி,
ஒரு சின்னப் பலகை, நாலு கம்பி.
சமையல் மேசையில் வைத்து
எதிர்ச்சுவரைக் கேட்டேன்.
நான்கு மீட்டர் என்றது. சரி.

துடிப்புகளை நெருக்கினேன்.
சும்மா, என்ன செய்கிறது பார்ப்போமே என்று.
ஐம்பத்தேழு சென்டிமீட்டர் என்றது.

மின்தேக்கியை மாற்றினேன்.
மறுபடி பற்ற வைத்தேன்.
ஐம்பத்தேழு.
அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன்.
காற்று.

பென்சில் எடுத்தேன்.
இரவு இரண்டரைக்குப் பிடிபட்டது:
சுவரிலிருந்து திரும்பும் ஒலி
தன் முறை முடிந்த பிறகு வருகிறது,
அடுத்த துடிப்பின் வரிசையில் போய் நிற்கிறது,
அதன் பெயரில் கையெழுத்துப் போடுகிறது.
எதிரொலி மெய்தான்.
வந்த நேரம்தான் பிசகு.

அப்புறம் தூக்கம் எங்கே வரும்.

எண்பத்தொன்றில் ஹானுஸ் என்னைக் கூப்பிட்டார்.
வரைபடத்தில் எண்ணூறு மீட்டர் கிட்ட ஆழமுள்ள கடல்,
காகிதத்தில் நாற்பது.
கழற்றினேன், சோதித்தேன், ஒரு குறையும் இல்லை.
“கருவி பொய் சொல்லாது, அங்கே தரை இருக்கிறது.”
முப்பது வயதுக் குரல் எவ்வளவு உறுதியாக இருக்கும்!
அவர் தன் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு
மாமியார் பெயரை எழுதினார்:
சுன்னேவா திட்டு.
அந்த அம்மாளின் திட்டைக் கேட்டவர்களுக்கு
பெயர்ப்பொருத்தம் புரியும்.

அதன்பின் இருபத்திரண்டு வருடம்
போகும்போதும் வரும்போதும்
அவர் படகு அந்த வட்டத்தைச் சுற்றியே போனது.

விடிந்ததும் போனேன்.
கடிகாரத்தையும் கட்டிக்கொண்டேன், ஏனோ.
சொல்லி முடித்தேன்.
ஹானுஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காப்பியை.

“டீசல் எவ்வளவு போயிருக்கும்?”
கணக்குப் போட்டு வைத்திருந்தேன், சொன்னேன்.
கப்பலில் கேட்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
பிறகு,
“சுவரை வைத்துக் காட்டுவாயா?”

வந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி.
உணரியை ஓட்டினேன். நான்கு மீட்டர்.
நெருக்கினேன். ஐம்பத்தேழு.
அவர் கையை நீட்டி
காற்றில் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்,
குதிரையின் மூக்கைத் தொடுவதுபோல.
“இங்கேயா?”
“அங்கேதான்.”
“ஒன்றுமே இல்லையே.”
“ஒன்றுமே இல்லை.”

சிரிப்பாரென்று நினைத்தேன்.
கோபிப்பாரென்றும் நினைத்தேன்.
இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.
அப்புறம் இன்னொரு தடவை.
அந்த வரைபடத்தில் வட்டத்தை அழிப்பீர்களா
என்று கேட்க வாயெடுத்தேன்; கேட்கவில்லை.

தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.
மேசைக்கும் கதவுக்கும் நடுவே
நேர்வழி திறந்துதான் கிடந்தது.
சுவரோரமாக ஒதுங்கி,
அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.