ஆயிரத்து எழுநூற்றைம்பத்தெட்டு

மொகல் தெருவில் என் டிக்கெட் கடை.
கண்ணாடியில் நானே ஒட்டிய தாள்:
யாங்கோன் – சென்னை
ஆயிரத்து எழுநூற்றைம்பத்தெட்டு கிலோமீட்டர்
இரண்டரை மணி நேரம்.
வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தது என்று
கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.
ஒருவரும் கேட்டதில்லை.

டாலாவிலிருந்து படகேறி வந்தவர்
அதைத்தான் விரல் வைத்துப் படித்தார்.
சைக்கா மிதிக்கிறவர்.
வீட்டில் கருப்பண்ணன், அட்டையில் மிண்ட் சோ.
அட்டை என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.
சட்டைப்பையை அவர் தொட்ட விதத்திலேயே தெரிந்தது.

"என் சைக்காவுல போனா எத்தனை நாளும்மா?"

கடல் ரோடாக இருந்தால்
நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் மிதித்தால்
கால்குலேட்டரைத் தட்டினேன்.
நாற்பத்து நாலு நாள்.
"மழையச் சேத்தியா?"
சேர்க்கவில்லை.
"அப்ப ரெண்டு மாசம்னு வச்சுக்க."

பள்ளம் பார்த்து ஒதுங்கும் வண்டிபோல
ஒவ்வொரு சொல்லும்
இடது கன்னத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தது.

பாஸ்போர்ட் கேட்டேன்.
மனைவி மருந்துப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்தாள்.
உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள் மெழுகுக் கட்டி,
மெழுகுக்குள் உளுந்தளவு சதை.
"இது மட்டும் போனா போதும்.
அங்க இன்னொரு டாக்டர் பாக்கணுமாம்."

உளுந்து வியாபாரி செய்யது பாவாவுக்கு
வியாழக்கிழமை பத்து மணிக்கு விமானம்.
"என்ன சாமான்?" என்றார்.
"கன்னம்" என்றேன்.
மூட்டைக்கு ஏழு கையெழுத்து கேட்கிறவர்கள்
இதற்கு ஒன்றும் கேட்க மாட்டார்களா என்று சிரித்தவர்
சிரிப்பைப் பாதியில் விட்டு
பெட்டியைப் பையில் போடாமல்
சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்துக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு இறங்கும்,
அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் என்றேன்.
"அந்த ஒரு மணி யாருக்கும்மா?"
டிக்கெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

வியாழனன்று விமான நிலையம் போகாமல்
என் கடைக்கே வந்துவிட்டார்கள் இருவரும்.
கரண்ட் இல்லை.
பத்தே காலுக்கு அவர்
ஆள்காட்டி விரலைக் காதில் விட்டுக் குடைந்தார்.
"ஏறும்போது காது அடைக்குமாமே, நெசமா?"
பத்தொன்பது வருஷமாக விற்கிறேன்.
எனக்கும் தெரியாது.

பன்னிரண்டரைக்கு பாவா பேசினார். இறங்கியாச்சு.
அப்புறம் சத்தமில்லை.
அவள் எச்சில் துணியை இரண்டு தரம் மாற்றினாள்.
நான் யாருக்கோ மாண்டலே பஸ் போட்டுக் கொடுத்தேன்.

நாலு பத்துக்கு ஒரு படம் வந்தது,
ஆய்வுக்கூட ரசீது.
பெயர் மிண்ட் சோ. வயது ஐம்பத்தொன்று.
வந்த நேரம் மூன்று பத்து.
போனைக் கண்ணருகே பிடித்து
அவர் சத்தமாகச் சொன்னார்:
"நான் போய்ச் சேந்துட்டேன்."

"வாயைக் கழுவுங்க!" என்று
அவள் பாய்ந்தாள்.
பாய்ந்த கை
அந்தக் கன்னத்தருகே போய் நின்றது.
முதலில் சிரித்தது அவர்தான்.
வலித்திருக்கும்.

முடிவு வரப் பதினோரு நாள்.
அந்த வரியைக் கண்ணாடியில் எழுத
எனக்குக் கை வரவில்லை.

டாலாவுக்கு நாலரைப் படகு, பத்தே நிமிடம்.
பிடித்திருக்கலாம்.
தெருமுனை டீக்கடை ஸ்டூலில்
ஆறும் டீயைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தார்கள்,
அந்த ஒரு மணி நேரமும்.