வண்டி யாருடையது

பன்னிரண்டு நாள் லீவு.
மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்ததில் ஒன்று,
புராரி கல்லறையில் இடம் வாங்கி
எபனேசர் சித்தப்பாவை அடக்கம் செய்ததில் மூன்று.
மிச்சம் எட்டும் வண்டிகளுக்கு.

மயூர் விஹாரில் நாலாவது பாக்கெட்.
வேப்பமரத்தடியில் காண்டெஸா,
அதன் முதுகில் மூக்கை வைத்தபடி பத்மினி,
குப்பைத்தொட்டி ஓரம் ஒரு மாருதி எண்ணூறு.
சாவியைத் திருகினால்
மூன்றில் ஒன்றும் இருமக்கூட இல்லை.

மாயாபுரியிலிருந்து வந்த இஷ்தியாக்
டயரை உதைக்கவில்லை, பானட்டைத் திறக்கவில்லை.
"ஆர்.சி.?" என்றார்.
அது இல்லாத இரும்பை அவர் தொடமாட்டாராம்.
தொட்ட மச்சினன் ஒருவன்
ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தானாம்.

பீரோவைக் கவிழ்த்தேன்.
எல்.ஐ.சி. ரசீது, சபைச் சந்தா அட்டை,
பிடுங்கிய பல்லின் எக்ஸ்ரே,
ரிட்டயர்மென்ட்டுக்கு ஆபீஸ் தந்த கடிகாரம், டப்பா பிரிக்காமல்.
கடைசித் தட்டில் பத்மினியின் தாள்:
மீரட்டில் ஒரு டாக்டர் பெயர்,
தொண்ணூற்றெட்டிலேயே செத்துப்போனவர்.
காண்டெஸா, மூடிப்போன சிமென்ட் ஏஜென்சி ஒன்றுக்குச் சொந்தம்.
மாருதிக்கு எதுவுமே இல்லை,
நம்பர் பிளேட்டிலும் ஓர் எண் உதிர்ந்திருந்தது.
வாங்கியிருக்கிறார், காசு கொடுத்திருக்கிறார்,
கைகுலுக்கியிருப்பார்.
பெயர் மாற்ற மட்டும் போகவில்லை மனுஷன்.

ஆர்.டி.ஓ. கவுண்டரில்
பட்டாண் டிரைவர்களிடம் படித்த என் ஹிந்தியைக் கேட்டு
கிளார்க் ஒரு தடவை சிரித்தார்.
பிறகு சொன்னார்:
"நீங்கள் அவருக்கு வாரிசு, சரி.
அவர் இந்த வண்டிக்கு யார்?"

எனக்குத் தெரியவில்லை.
அண்ணன் மகளுக்கு வருஷம் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு போட்டவர்.
கல்யாணம் பண்ணாதவர்.
அவர் கார் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆறாம் நாள் ராத்திரி பெல் அடித்தது
மாடிவீட்டு மிஸஸ் சபர்வால்,
அசோசியேஷன் செயலாளர்.
சண்டைக்குத்தான் என்று நினைத்து
முகத்தை இறுக்கிக்கொண்டு திறந்தேன்.
கக்கத்தில் இடுக்கியிருந்த சிவப்பு முதுகு ரிஜிஸ்டரைச்
சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.
புகார்ப் புத்தகம்.

மிஸ்டர் எபனேசரின் காண்டெஸா தண்ணீர் லாரியை மறிக்கிறது.
மிஸ்டர் எபனேசரின் பத்மினிக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை.
மிஸ்டர் எபனேசர் தன் மாருதிக்குள் உட்கார்ந்து
இரவு பதினொன்றுக்கு பைபிள் வாசிக்கிறார்,
சத்தமாக, புரியாத பாஷையில்.

பதினான்கு வருஷம்.
ஒவ்வொன்றின் கீழும் பச்சை மையில் ஒரே வரி,
வரும் ஞாயிறு ரிப்பேர் செய்துவிடுகிறேன்,
கீழே அவர் கையெழுத்து.

"இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார்.
"பாதிப் புகார் நான் எழுதியது."
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
பூனைக்குட்டிகளை யார் எடுத்துப்போனது என்று கேட்டேன்.
இரண்டு தன் வீட்டில் என்றார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர்
பக்கம் பக்கமாகப் புரட்டினார்,
பைபிள் வந்த இடத்தில் நின்று இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்,
முத்திரை குத்தினார்.

கிரேன் வந்த அன்று
காண்டெஸா தாரை விட மறுத்தது.
பிடுங்கிய இடத்தில் நாலு குழி,
ஒன்றில் தண்ணீர்.
"மரம்! மரத்தைப் பார்!" என்று
பால்கனியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார் மிஸஸ் சபர்வால்.
சேஸிஸ் எண் உள்ள தகட்டை மட்டும் வெட்டி
இஷ்தியாக் என்னிடம் கொடுத்தார், மூன்று துண்டு.
வண்டி செத்ததற்கு அத்தாட்சியாம்.
ஆர்.டி.ஓ. கிளார்க் இரண்டை வாங்கிக்கொண்டார்.
மாருதியின் துண்டைத் திருப்பித் தந்தார்:
அந்த எண் அவர் கம்ப்யூட்டரில் பிறக்கவே இல்லை.

மூன்றாம் டெர்மினலில்
ஸ்கேனரை நிறுத்தி அதை வெளியே எடுத்தார் காவலர்.
ஓரம் கூர்மை, கைப்பையில் கூடாது.
"யாருடையது இது?"
"என்னுடையது."
தாள் எதுவும் கேட்கவில்லை.
நகவெட்டிகள், ஒரு லைட்டர், யாரோ குழந்தையின் கத்தரிக்கோல் கிடந்த
நீல வாளியில் போட்டார்.
நல்ல சத்தம் வந்தது.