மூன்று மணி ஆறு

காலை எட்டுக்கு வந்திருந்தால்
முழங்கால் அளவுதான் என்கிறான் பெக்னு,
தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி.
பிறகு கையை இடுப்புக்கு உயர்த்தி
மார்புக்கு உயர்த்தி
அங்கேயே விட்டுவிட்டு
மறுகையால் சிகரெட்டைத் தேடுகிறான்.

மணி மூன்று.
பகலெல்லாம் வெயில் குடித்த பனியாறு
மேலே ஒழுகிக்கொண்டிருக்கிறது.

தாமதம் என்னால்தான்.
அதிஷியில் காலை உணவுக்கு
இறைச்சி அடைத்த ரொட்டி இரண்டாம் துண்டு கேட்டேன்,
மூன்றாவதும் வந்தது.
அப்புறம் இடது குதிகாலில் கொப்புளம்.
வார்சாவில் பல் மருத்துவராம் யாகோதா,
மூன்று நாள் பழக்கம்,
பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள்.
பல்லைக் கடித்துக்கொள் என்று
அவள் தொழிலில் யாரும் சொல்வதில்லையாம்.

முதுகில் பதினாலு கிலோ.
கூடாரம், தூக்கப்பை, வாயு அடுப்பு,
கரடிக்கு ஒரு விசில்,
மழைக்கு ஓர் உறை, அந்த உறைக்கு ஓர் உறை,
கடைக்காரப் பையன்
எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப்போட்ட எல்லாமும்.
ஆற்றுக்கென்று ஒன்றுமில்லை.

இருபது லாரி என்றாள் ஏதேரி, பெக்னுவின் மனைவி,
பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்தபடி.
ஆற்றங்கரையில் நின்று
இருபது லாரி என்று கேட்டால்
என் காதுக்கு மணல்தான் ஞாபகம் வரும்.
இங்கே அது பணத்தின் பெயர்.
கொடுத்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் எங்களில்.
சைகையால் சொல்லிப் பார்த்தேன்.
பெக்னு தலையை ஆட்டினான்: ஆழம் இல்லை.
கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் தட்டினான்.
பிறகு ஒரு கல்லை நீரில் வீசிவிட்டு
காதைக் காட்டினான்.
கல் விழுந்தது கேட்கவில்லை.
அடியில் வேறொரு சத்தம்,
உருளைக்கிழங்கு மூட்டையை
மாடிப்படியில் யாரோ இழுப்பதுபோல.
தண்ணீருக்குக் கீழே
பாறைகள் நடந்துபோய்க்கொண்டிருந்தன.

குதிரையின் பெயர் லுர்ஜா.
சாம்பல் நிறம். ஒரு கண்ணில் பூ.
சேணம் என்பது மடித்த கோணிதான்.
முன்னால் பெக்னு, பின்னால் நான்,
எனக்கும் பின்னால் என் பதினாலு கிலோ.

தண்ணீரைப் பார்க்காதே என்று
அவன் பனியாற்றைக் காட்டியிருந்தான்.
பார்த்தேன்.
உடனே ஆறு நின்றுவிட்டது,
நாங்கள் நின்றுவிட்டோம்,
கரையும் மலையும்
மேல்நோக்கி ஓடத் தொடங்கின.

நடுவில் லுர்ஜா உண்மையாகவே நின்றது.
பெக்னு அதட்டவில்லை.
முன்னங்கால் எதையோ துழாவியது,
வேண்டாமென்று விட்டது,
பக்கத்தில் இன்னொன்றைத் துழாவியது.
அது தேடி முடிக்கும்வரை
நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.
பூட்ஸுக்குள் பனியாறு வந்திருந்தது.

அக்கரை.
பெக்னுவும் இறங்கிக்கொண்டு
குதிரையின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.
யாருமில்லாமல் அது திரும்பிப் போனது
நேர்க்கோட்டில்,
எங்கும் நிற்காமல்,
எதையும் தேடாமல்,
நாலே மூச்சில்.

ஏதேரி யாகோதாவை ஏற்றிவிட்டாள்.
நடுவில் லுர்ஜா
மறுபடி நின்று
மறுபடி துழாவியது.

யாகோதா கண்ணை மூடியிருந்ததால் இதைப் பார்க்கவில்லை.
சொன்னேன்.
பிளாஸ்திரி நனைந்ததா என்று கேட்டாள்.

கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டோம்.
சாக்ஸை ரோடோடென்ட்ரான் புதரில் காயப்போட்டு
அதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு
தேடித் திரும்பியதில் இருட்டிவிட்டது.
இரவெல்லாம் மூட்டை இழுக்கும் சத்தம்.
குளிர் ஏற ஏற
மூட்டை சிறுத்தது, படி குறைந்தது,
எப்போது நின்றதென்று தெரியாது.

விடிகாலையில் சிறுநீர் கழிக்க வெளியே வந்தேன்.
கீழே யாரோ ஒருவர்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒரு பசுவை ஓட்டியபடி
ஆற்றை நடந்தே கடந்துகொண்டிருந்தார்.

ஏதேரிதான் என்றாள் யாகோதா.
இருக்கலாம்.
எனக்குப் பசு மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது,
நடு ஆற்றில் நின்று
நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு.