கால் சுற்று

அக்டோபர் கடைசியில் காற்றடித்தோம்,
டயரின் விளிம்பில் அச்சிட்டிருந்த அளவு வரைக்கும்.
குளிரில் காற்று தானே சுருங்கிவிடும் என்றாள் லூபா,
என்னிடம் அல்ல, பம்பிடம்.

வாஸ்கெசூ ஏரிக்கரையில், ஆகஸ்டில்,
"மூன்றில் ஒரு பங்கு பணம் போட்டவள்
முழுக் கட்டிலில் படுக்கிறாள்"
என்று சொன்னவள் அவள்.
என் பங்கை ரம்பத்தால் அறுத்து எடுத்துக்கொள்கிறேன்
என்று சொன்னவள் நான்.
அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் டிரெய்லர் நிற்பது அவள் கொட்டகையை ஒட்டி.
இழுக்கிற டிரக் என்னுடையது.
தரையின் ஈரம் ஏறாதபடி
சக்கரங்களுக்கு அடியில் நீளப் பலகைகள்.
தெற்குப் பக்கத்துக்கு வெள்ளை உறை:
மைனஸ் முப்பதிலும் வெயில் ரப்பரைத் தின்னும்
இந்த சஸ்காச்சுவானில்.

அசையாமல் நின்றால் பாரம் ஒரே இடத்தை அழுத்தும்,
அந்த இடம் தட்டையாகிவிடும்.
அதனால் மாதத்துக்கு ஒரு தரம் கால் சுற்று.
ஒருத்தி ஓட்ட வேண்டும், ஒருத்தி கட்டை போட வேண்டும்.
தனியாளால் முடியுமென்றால்
நான் போயே இருக்கமாட்டேன்.

சாக்கட்டியால் டயரில் ஒரு கோடு கிழித்தாள்.
நவம்பரில் கோடு உச்சியில்.
டிசம்பரில் முன்பக்கம். "நில்" என்றாள்.
"ம்" என்றேன்.
அந்த மாதத்துப் பேச்சு அவ்வளவுதான்.

ஜனவரியில் கோடு அடியில் போய்விட்டது.
மொத்த வண்டியும் அதன்மேல்:
அடுப்பு, காலித் தண்ணீர்த் தொட்டி,
அந்தக் கட்டில்.

இமையில் உறைபனியோடு குனிந்து பார்த்தோம்.
அவள் டார்ச்சை நான்கு இலக்கத்தில் நிறுத்தினாள்.
முப்பத்தொன்றாம் வாரம், பதினெட்டாம் வருடம்.
பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி.
கையுறையைக் கழற்றிப் பக்கவாட்டில் நகத்தை வைத்தாள்.
வெடிப்புக்குள் நகம் போய் உட்கார்ந்தது.
ஓடித் தேய்ந்ததில்லை,
நின்று நின்றே கிழடானது.

"நாலையும் மாத்தணும்."
"நாலுல மூணுல ஒரு பங்கு எத்தனை டயர்?"
அவள் விரல்களை எண்ணத் தொடங்கி, நிறுத்தினாள்.
வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி வந்தது.
சிரிப்பா, வெறும் மூச்சா,
அந்தக் குளிரில் யாரால் சொல்ல முடியும்.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். போகவில்லை.
திங்கட்கிழமை போன் வந்தது:
"கோடு அடியிலேயே கெடக்கு."
தட்டையாகட்டும், எப்படியும் தூக்கி எறியப்போறதுதானே
என்றேன்.
"அது சரி," என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும்."

கம்பளியைச் சுற்றிக்கொண்டு டிரக்கை எடுத்தேன்.
சக்கரம் பலகையில் முனகியது, பிறகு உருண்டது.
கண்ணாடியில் பார்த்தேன்,
கோடு பின்பக்கம் ஏறி வந்தது.
"நில்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.
கால் சுற்று தாண்டி இன்னும் ஒரு சாண்.
லூபா கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
வேறெதையோ பேசிக்கொண்டிருந்தாள்.